ஆளில்லாத 300 நாளுக்கு ஒரு கேபின்: எதைக் கட்டுவது, எப்படிப் பூட்டிவிட்டு வருவது

ஊரைவிட்டுத் தள்ளி ஒரு துண்டு நிலம் வாங்கியாயிற்று. மின்கம்பம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, பக்கத்து வீட்டு அடுப்புப் புகைகூடக் கண்ணில் படாது. அங்கே சின்னதாக ஒரு கேபின் போட வேண்டும். இந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மரத்தில் கட்டலாமா, கன்டெய்னர் இறக்கலாமா, இல்லை கல் வைத்தே கட்டிவிடலாமா என்பதைத்தான். நானும் அங்கேதான் தொடங்கினேன். ஒரு வருடம் அதையே படித்து, பென்சிலால் தாள் தாளாக வரைந்து தள்ளினேன். இப்போது யாராவது என்னிடம் கேட்டால் பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: வருடத்தில் எத்தனை நாள் நிஜமாகவே அங்கே இருப்பீர்கள்?

மனக்கணக்கில் எல்லோரும் வாராவாரம் போவோம். நடப்பில் சராசரியாக மாதம் ஐந்து நாள் போனால் பெரிய விஷயம். அதாவது வருடத்தில் 60 நாள் நீங்கள், மீதி 300 நாளும் மழை, வெயில், கரையான், எலி, வழி தவறி வருபவர், வழி தெரிந்தே வருபவர் எல்லோரும். அதனால் இங்கே நான் ஒவ்வொன்றையும் ஒப்பிடுவது, தங்கும்போது எவ்வளவு வசதி என்பதைக் கொண்டு இல்லை, நீங்கள் பூட்டிவிட்டுக் கிளம்பிய பிறகு அது என்ன ஆகிறது என்பதைக் கொண்டுதான். நிரந்தரமாகக் குடியேறப் போகிறவருக்கு என் முடிவுகளில் பாதி தலைகீழாகிவிடும், அந்தந்த இடத்தில் அதையும் சொல்கிறேன்.

சுவருக்கு முன்னால் பாதை

நிலத்துக்கு ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். உங்கள் வண்டி எங்கே சிக்கி நிற்கிறதோ, கட்டுமானப் பொருளும் அதுவரைதான் வரும். பாதிப் பேருக்குச் சுவர் எதில் என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

20 அடி கன்டெய்னர் வெறும் பெட்டியாகவே சுமார் 2,200 கிலோ. அது வர நீள லாரி வேண்டும், இறக்கக் கிரேனோ படுக்கை சாயும் லாரியோ வேண்டும், அந்த லாரி திரும்ப இடம் வேண்டும், மேலே கிளைகள் இருக்கக்கூடாது. கல் கட்டடம் என்றால் எடை வேறு விதமாக வந்து சேரும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 2.4 மீட்டர் உயரம் என்று வையுங்கள். கதவு ஜன்னல் போகச் சுமார் 30 சதுர மீட்டர் சுவர், சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை ஹாலோ பிளாக், ஆக 370 கல்லுக்கு மேல். ஒரு கல் 15 முதல் 20 கிலோ வரை இருக்கும் என்றால் கல் மட்டுமே ஐந்தரை டன்னுக்குக் குறையாது. மணல், ஜல்லி, சிமெண்ட் இன்னும் கணக்கில் வரவில்லை, அவற்றைக் குழைக்கிற தண்ணீரும் வரவில்லை. மரச் சட்டத்தில் இதே அறையைக் கட்டினால் பெரும்பாலான துண்டுகளை ஒருவரோ இருவரோ தோளில் தூக்கிப் போய்விடலாம். ஒரே நாளில் எல்லாம் வந்து சேர வேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை.

கட்டட அனுமதி பற்றி ஒரே வரி: சின்னதுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று விடாமல், பொருள் வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கன்டெய்னர் மோகம்

கன்டெய்னர் ஏன் இழுக்கிறது என்று புரிகிறது. வந்து இறங்கிய அன்றே அது பூட்டக்கூடிய ஒரு பெட்டி. எரியாது, கரையான் அரிக்காது, உதைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் பலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான்கு மூலைத் தூண்களும் மேல்கீழ்ச் சட்டங்களும்தான் சுமை தாங்குகின்றன. பக்கச் சுவர் இரண்டு மில்லிமீட்டர் அளவிலான மடிப்புத் தகடு, மடிப்பு இருப்பதால்தான் அதற்கு விறைப்பு. அதில் ஒரு ஜன்னல் வெட்டிய நிமிடமே இரண்டு விஷயம் நடக்கிறது: விறைப்பு போகிறது, அதை ஈடுகட்டச் சுற்றிலும் இரும்புச் சட்டம் பற்றவைக்க வேண்டும், அப்புறம் பெட்டியின் பாதுகாப்பும் அந்த ஜன்னலின் பாதுகாப்பு அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஜன்னலே வெட்டாமல் வைத்தால் பாதுகாப்பு இருக்கும், ஆனால் அதற்குள் யார் உட்காருவது?

அதைவிடப் பெரிய தொல்லை வியர்வை. பகலில் சூடேறிய காற்றில் இருக்கும் ஈரம் இரவில் குளிர்ந்த தகட்டின் உட்புறம் முத்துமுத்தாகப் படியும். ஆள் இருந்தால் திறந்து விடுவார், துடைப்பார். மூன்று மாதம் மூடியே கிடந்தால் மெத்தையில் பூஞ்சை பூத்திருக்கும். தகட்டோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டும் நுரையை அடித்தால் இது பெரும்பாலும் தீரும். ஆனால் உள்ளகலம் முதலிலேயே 2.35 மீட்டர்தான், இரண்டு பக்கமும் நுரையும் பலகையும் போட்ட பிறகு அது இன்னும் ஒடுங்கிவிடும். பழைய கன்டெய்னர் என்றால் தரைப் பிளைவுட்டில் பூச்சி மருந்து ஏற்றியிருப்பார்கள், அதற்குள் என்னென்ன சரக்கு போய் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது. மண்ணுக்குள் புதைத்துவிட்டால் குளுமையாக இருக்குமே என்று யாராவது ஒருவர் யோசனை சொல்வார். செய்யாதீர்கள். பக்கத்திலிருந்து மண் அழுத்தும்போது அந்தத் தகடு உள்ளே வளையும், கூரையும் மண் சுமக்கச் செய்ததில்லை.

என் முடிவு: பாதை இருந்தால் வெட்டாத சிறு கன்டெய்னர் ஒன்று பொருள் வைக்க அருமையான கிடங்கு. கட்டுமானம் நடக்கும் மாதங்களில் கருவிகளைக் காப்பாற்றவே அது தன் செலவை ஈடுகட்டிவிடும். வீடாக வேண்டாம்.

மரம், கல், மண்

மரத்துக்கு மூன்று எதிரிகள்: ஈரம், கரையான், தீ. மூன்றுக்கும் மருந்து கட்டும்போதே போட வேண்டும், பிறகு போட முடியாது. தரையிலிருந்து 45 சென்டிமீட்டராவது தூக்கித் தூண்களின் மேல் நிறுத்துங்கள், தூண் தலையில் விளிம்பு மடிந்த தகரத் தொப்பி வையுங்கள். தொப்பி கரையானை முழுக்கத் தடுத்துவிடாது, ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு வர அது வெளிப்புறமாக மண்குழாய் கட்டியாக வேண்டும். நீங்கள் வரும்போது குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் மரக் கேபினில் மிக முக்கியமான இடம் நீங்கள் குனிந்து பார்க்கக்கூடிய அந்த அடிப்பகுதிதான். தரையோடு ஒட்டிக் கட்டிவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே பலகை மிதியில் அமுங்குகிற நாளில் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். காற்றுத் துளைகள் எல்லாவற்றுக்கும் நெருக்கமான இரும்பு வலை போடுங்கள். காட்டுத்தீ பயம் இருக்கும் இடம் என்றால் 3 மில்லிமீட்டர் வலை, ஏனென்றால் பல கேபின்கள் எரிவது தீ நாக்கு தொட்டு இல்லை, காற்றில் பறந்து வரும் கங்கு துளை வழியாக உள்ளே புகுந்துதான். வெளிப்பக்கம் முழுக்கத் தகடு போர்த்தி, சுவரை ஒட்டிய ஒன்றரை மீட்டருக்கு ஜல்லியைத் தவிர எதையும் வைக்காமல் இருந்தால் மரக் கேபினுக்கும் ஓரளவு நிம்மதி. விறகை அழகாகச் சுவரோரம் அடுக்கிப் படம் எடுக்கிறார்களே, அது படத்தோடு சரி.

இன்னொன்று காற்று. லேசான கட்டடத்தின் தகரக் கூரையைப் புயல் கீழே அமுக்குவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். கூரைச் சட்டத்திலிருந்து சுவர் வழியாகத் தூணின் அடிவரை இரும்புப் பட்டை தொடர்ச்சியாக இறங்க வேண்டும், நடுவில் ஓர் இடத்தில் ஆணியை மட்டும் நம்பினால் அங்கேதான் பிய்யும்.

கல், சிமெண்ட் கட்டடம் ஆளில்லாத நாட்களைத் தாங்குவதில் மற்ற எல்லாவற்றையும்விட மேல், இதை ஒத்துக்கொண்டாக வேண்டும். சிக்கல் கட்டி முடிப்பதில் இருக்கிறது. கான்கிரீட்டுக்கு ஏழு நாளாவது ஈரம் காட்ட வேண்டும், தினமும் யார் போய்த் தண்ணீர் ஊற்றுவது? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? அடுத்த வாரம் வந்து தொடரலாம் என்று விட்டுப்போன சிமெண்ட் மூட்டை ஒரு மழைக்கு மூட்டை வடிவத்திலேயே கல்லாகி நிற்கும் (என்னிடம் அப்படி இரண்டு இருக்கின்றன, உட்கார வசதியாக இருக்கிறது). களிமண் நிலம் என்றால் அது உப்பிச் சுருங்கும்போது அஸ்திவாரம் சரியில்லாத சுவர் மூலைவிட்டமாகப் பிளக்கும். லாரி வரும் பாதை, நம்பகமான மேஸ்திரி, பக்கத்தில் தண்ணீர் மூன்றும் இருந்தால் கல்லையே கட்டுங்கள், மரத்தைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடலாம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேலை பாதியில் நிற்கும். பாதிச் சுவருக்கு மேல் கூரை போட்டுத் தங்க முடியாது.

மண் சுவர் எனக்குப் பிடித்தது, ஆனால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். மண் அங்கேயே கிடைக்கும், 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல் என்றால் நன்றாகவே நிற்கும், உள்ளே பகலும் இரவும் ஒரே சீராக இருக்கும். மண் சுவருக்குத் தலைக்குக் குடையும் காலுக்குச் செருப்பும் வேண்டும், அதாவது நன்றாக வெளியே நீண்ட கூரையும், சுவர் தரையைத் தொடாதபடி ஒரு கல் பீடமும். ஆள் இருக்கும்வரை அது நூறு வருடமும் நிற்கும். ஆனால் ஒரு தகரம் காற்றில் பெயர்ந்து, அதை மூன்று மாதம் யாரும் பார்க்கவில்லை என்றால், கலப்பு இல்லாத மண் சுவர் அந்த இடத்தில் கரைந்து இறங்கிவிடும். குடியேறுகிறவர்களுக்கு முதல் தேர்வாகவே இருக்கலாம், வந்து போகிறவர்களுக்கு இல்லை.

சக்கரம் வைத்த வீடு? நீங்களும் இழுத்துக்கொண்டு போகலாம், அடுத்தவரும் இழுத்துக்கொண்டு போகலாம்.

மின்சாரம்: கழற்றி எடுத்துப் போக முடியுமா?

கணக்கைத் தேவையிலிருந்து தொடங்குங்கள். 5 வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம்: 100 வாட்-மணி. 20 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம்: 160. மடிக்கணினி மூன்று மணி நேரம்: 150. இரண்டு கைபேசி: 40 என்று வைப்போம். மொத்தம் ஒரு நாளுக்கு 450 வாட்-மணி. இதில் குளிர்சாதனப் பெட்டி சேர்ந்தால் அது ஒன்றே அதைவிட அதிகம் தின்னும், இரு மடங்காகவும் ஆகலாம். ஐந்து நாள் தங்குவதற்குக் குளிர்ப்பெட்டி வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், நான் வேண்டாம் என்று விட்டதில் மொத்த அமைப்பும் பாதியாகச் சுருங்கியது.

பலரும் கவனிக்காத திருடன், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர். எதுவும் ஓடாமல் வெறுமனே இயங்கிக்கொண்டிருக்கவே 10 முதல் 20 வாட் எடுக்கிறவை உண்டு. 24 மணி நேரத்துக்கு 240 முதல் 480 வாட்-மணி. உங்கள் மொத்தத் தேவையும் அவ்வளவுதானே! விளக்கையும் விசிறியையும் நேராக 12 வோல்ட்டில் ஓட்டிவிட்டு, இன்வெர்ட்டரைத் தேவைப்படும்போது மட்டும் போடுங்கள்.

400 வாட் பேனல் ஒன்று, முழுச் சூரியன் மூன்று மணி நேரம் கிடைத்ததாக வைத்து, இழப்பெல்லாம் போக 800 வாட்-மணி தரும். மேகம் மூடிய நாளில் இதில் கால்வாசிகூட வராமல் போகலாம், அதற்குத்தான் பேட்டரி. இங்கே லெட் ஆசிட்டா, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டா என்பதுதான் உண்மையான தேர்வு. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் 28 கிலோ போல இருக்கும், அதன் ஆயுள் கெடாமல் எடுக்க முடிவது பாதி, 600 வாட்-மணி. அதே அளவு லித்தியம் 11 முதல் 13 கிலோ, ஆயிரம் வாட்-மணி கவலையில்லாமல் எடுக்கலாம். வாங்கும்போது லெட் ஆசிட் மலிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் அது சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தட்டில் உப்புப் படிந்து செத்துப்போகும், அதனால் நீங்கள் இல்லாதபோதும் பேனலோடு அங்கேயே இருந்தாக வேண்டும். லித்தியத்தைப் பாதி சார்ஜில் அணைத்து, கழற்றிப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டு வந்துவிடலாம். திருடன் எடுக்க அங்கே பேட்டரியே இருக்காது. எனக்கு விலை வித்தியாசத்தை நியாயப்படுத்தியது இந்த ஒன்றுதான். கழற்றும்போது முதலில் பேனல் இணைப்பைத் துண்டியுங்கள், பிறகு பேட்டரியை. வரிசை மாறினால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் கெட்டுப்போக வாய்ப்புண்டு. உறைபனி விழும் இடமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக்கூடாது.

ஜெனரேட்டர் கட்டுமான நாட்களுக்கு வாடகைக்குப் போதும். சொந்தமாக வாங்கி அங்கே விட்டால், பெட்ரோல் சில மாதத்தில் பழசாகிக் கார்புரேட்டரில் பசையாகும், அதன் சத்தம் உங்களிடம் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லும், திருடர்கள் விரும்பி எடுக்கும் பொருளும் அதுதான். உள்ளேயோ ஜன்னலோரமோ ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், மணமும் இருக்காது நிறமும் இருக்காது.

ஓடை இருப்பவர்கள் பாக்கியசாலிகள். நொடிக்கு 10 லிட்டர், 10 மீட்டர் இறக்கம் இருந்தால் கணக்குப்படி 981 வாட், நடைமுறையில் அதில் பாதி. ஆனால் அது இரவும் பகலும் ஓடும், நாளுக்கு 12 யூனிட், அதாவது 12,000 வாட்-மணி போல வரும். நிரந்தரமாகத் தங்குகிறவருக்குச் சூரிய பேனலை விட இதுவே மேல். நமக்கோ, குழாய் வாயில் இலை அடைத்த மூன்றாவது நாளே அது நின்றுவிடும், எடுத்துவிட அங்கே ஆளில்லை. காற்றாலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: காற்றின் வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும், மரங்களுக்கு நடுவே தாழ்வான கம்பத்தில் வைத்த சின்னக் காற்றாலை பார்க்க அழகு.

தண்ணீரும் கழிப்பறையும்

இந்த ஒரு விஷயத்தில் ஆளில்லாத நாட்கள் நமக்கு உதவுகின்றன. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். முன்தாழ்வாரத்தோடு 20 சதுர மீட்டர் கூரை, வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்றாலும் 16,000 லிட்டர். இரண்டு பேர், ஆளுக்கு 20 லிட்டர், 60 நாள் என்றால் உங்களுக்கு வேண்டியது 2,400 லிட்டர்தான். மழை பாதியாகப் பொய்த்தாலும் மிச்சம். நீங்கள் ஊரில் இருக்கும்போது தொட்டி தானே நிரம்பிக்கொண்டிருக்கும். ஒளி புகாத தொட்டி, கொசு புகாத வலை, முதல் மழையின் அழுக்கை வெளியேற்றும் குழாய் இவை மூன்றும் இருந்தால் போதும். குடிக்க வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் மூன்று நிமிடம். தொட்டியின் குழாயைக் கேபினுக்கு உள்ளே வையுங்கள், வெளியே இருந்தால் யாராவது திறந்துவிட்டுப் போவார்கள், வேண்டுமென்று இல்லாவிட்டாலும்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி கன்டெய்னர் லாரியைப் போலவே கனமானது, பாதை பற்றி முன்பு சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். கையில் இருக்கும் பம்பை மேலே வைத்து உறிஞ்சிக்கொள்ளலாம் என்று நினைத்தால், தண்ணீர் 7 மீட்டருக்குக் கீழே இருந்தால் நடைமுறையில் ஏறாது, பம்பு எவ்வளவு பெரியதானாலும் சரி. குடியேறுகிறவர் கிணறு போடட்டும், வந்து போகிறவருக்குக் கூரையே போதும்.

கழிப்பறை: தண்ணீர் ஊற்றும் வகையை மறந்துவிடுங்கள். மரத்தூள் போடும் உலர் கழிப்பறையோ, நீர்நிலையிலிருந்து 30 மீட்டர் தள்ளி, அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே நிற்கும்படி தோண்டிய குழியோ, இரண்டில் எது உங்கள் மண்ணுக்கு ஒத்துவருகிறதோ அது.

பூட்டுவது எப்படி, எதற்காக

நகரத்து வீட்டில் திருடனுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். இங்கே அவனுக்கு ஒரு வாரம் இருக்கிறது, சத்தம் கேட்க யாருமில்லை. பேட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் எந்தப் பூட்டையும் அவன் ஒரு தம் அடித்து முடிப்பதற்குள் அறுத்துவிடும். இதை ஒத்துக்கொண்டால் பிறகு யோசிப்பது எளிது: உங்கள் கேபினை உடைக்க முடியாததாக்க உங்களால் முடியாது. மீதி நான்கு வழி உண்டு. மறைப்பது, சலிப்பூட்டுவது, கண்காணிப்பது, ஒன்றும் வைக்காமல் இருப்பது.

சலிப்பூட்டுவதில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கருவி பூட்டு இல்லை, தூரம். வண்டி நுழையும் வழியை கேபினுக்கு 200 மீட்டர் முன்பே கனமான இரும்புக் கதவாலோ சங்கிலியாலோ மறியுங்கள், இருபுறமும் பாறையோ பள்ளமோ இருக்கட்டும், இல்லையென்றால் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். வண்டியில் வந்து அள்ளிப் போடுவது வேறு, பேனலையும் சிலிண்டரையும் தோளில் சுமந்து 200 மீட்டர் நடப்பது வேறு. இதில் ஒரு எதிர்வாதமும் உண்டு: பளபளக்கும் கதவு, உள்ளே ஏதோ இருக்கிறது என்று சாலையில் போகிறவனுக்குச் சொல்கிறது. அதனால் துருப்பிடித்த சங்கிலியும், பாதையில் ஒரு வளைவும், சாலையிலிருந்து பார்த்தால் கூரை தெரியாத மங்கலான நிறமும் என் தேர்வு. அந்த வளைவைப் போட மண்வெட்டி மட்டும்தான் செலவு.

கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் உதைத்து உடைப்பது கடினம், ஆனால் கீல் வெளியே தெரியும், அதன் முள்ளைத் தட்டி எடுத்துவிடலாம். கீல் பக்கத்தில் கதவு விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டு சட்டத் துளைக்குள் நுழையும் இரும்பு முளை இரண்டு வைத்தால், கீலே போனாலும் கதவு பெயராது. கொண்டியைத் திருகாணியில் மாட்டாதீர்கள். தலை உருண்ட போல்ட்டை வெளியிலிருந்து விட்டு, நட்டை உள்ளே முடுக்குங்கள். பூட்டின் வளையம் தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் வகை வாங்குங்கள், கத்தரிக்கும் கருவிக்குப் பிடி கிடைக்காது. ஜன்னல்களுக்கு உள்ளிருந்து தாழிடும் இரும்பு ஷட்டர், வெளியிலிருந்து பூட்டுவது ஒரே ஒரு கதவு மட்டும். இவ்வளவும் செய்தால் கையில் கடப்பாரை மட்டும் வைத்திருப்பவன் திரும்பிப் போவான். கிரைண்டரோடு வந்தவன் போகமாட்டான், அவனுக்காகச் செலவழிக்க வேண்டாம்.

நான் கடைசியில் கற்றுக்கொண்டது ஒன்று. எங்கள் கேபினை ஒருமுறை உடைத்தார்கள். எடுத்துப் போனது ஒரு பழைய அடுப்பும் கயிறும், அவ்வளவுதான். ஆனால் கதவைத் திறந்தபடியே விட்டுப் போய்விட்டார்கள், ஏழு வாரம் மழை உள்ளே அடித்து, தரைப் பலகையெல்லாம் உப்பி, ஒரு மூலையில் ஏதோ பிராணி குட்டி போட்டுப் போயிருந்தது. திருட்டால் போனதைவிட மழையால் போனது பல மடங்கு. அதன் பிறகு கதவுக்குத் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் போட்டேன், கொண்டியை வேண்டுமென்றே கதவுச் சட்டத்தை விடப் பலவீனமானதாக மாற்றினேன். உடைப்பதென்று வந்தவன் கொண்டியை உடைக்கட்டும், சட்டத்தைப் பிளக்க வேண்டாம். அவன் போன பிறகு கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

கேமரா வைக்கலாமா? காட்டு விலங்குகளைப் படமெடுக்கும் வகைதான் இதற்குச் சரி, சின்ன பேட்டரிகளிலேயே மாதக்கணக்கில் நிற்கும். இரவுக்கு 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி வகை தூரம் வரை காட்டும், ஆனால் மங்கிய சிவப்பாகக் கண்ணில் படும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. திருடனுக்காக என்றால் இரண்டாவதுதான். ஒன்றை வாசல் சங்கிலியிடம் வண்டி எண் தெரியும்படி வையுங்கள், இன்னொன்றை மூன்று மீட்டர் உயரத்தில், முதல் கேமராவைப் பார்த்தபடி. ஏனென்றால் முதலாவது திருட்டுப் போகும். கைபேசி அலை கிடைக்கும் இடமென்றால் படத்தை உடனே அனுப்பும் வகை உண்டு. ஆனாலும் கேமரா நடந்ததைச் சொல்லும், நடப்பதை நிறுத்தாது.

நிறுத்துவது மனிதர்தான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒருவர் 27 வருடம் காட்டில் ஒளிந்து வாழ்ந்து, ஓர் ஏரியைச் சுற்றியிருந்த விடுமுறைக் கேபின்களிலும் ஒரு முகாமிலும் ஆயிரம் முறை போலத் திருடியிருக்கிறார். எடுத்ததெல்லாம் உணவு, பேட்டரி, எரிவாயு சிலிண்டர், புத்தகம் போன்றவை. எத்தனையோ பூட்டுகள், எத்தனையோ கேமராக்கள். 2013இல் அவர் பிடிபட்டது எப்படி என்றால், முகாமின் சமையற்கட்டில் மறைத்து வைத்த உணரி ஒன்று அங்கே ஒலிக்காமல் வனவிலங்குக் காவலர் ஒருவர் வீட்டில் ஒலித்தது, அவர் உடனே கிளம்பி வந்தார். வரக்கூடிய தூரத்தில் ஒரு ஆள் இல்லாத இடத்தில் அலாரம் காக்கையைத்தான் விரட்டும். நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிறவரைத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரு சாவியும் உங்கள் எண்ணும் அவரிடம் இருக்கட்டும், காற்றடித்த மறுநாள் ஒரு எட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கு உங்களால் ஆன உதவியை நீங்களும் செய்யுங்கள்.

கோபத்தில் பொறி வைக்க நினைப்பவர்களும் உண்டு, குழி, ஆணிப் பலகை, கதவோடு கட்டிய துப்பாக்கி. ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதி ஆளில்லாத தங்கள் பண்ணை வீட்டில் அப்படித்தான் துப்பாக்கியைக் கட்டி வைத்தார்கள், திருட வந்தவருக்குக் காலில் பலத்த காயம், 1971இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் திருட வந்தவருக்கு 30,000 டாலர் இழப்பீடு தந்த தீர்ப்பை உறுதி செய்தது. ஆளில்லாத வீட்டைக் காக்க உயிரை எடுக்கும் பலத்தைப் பயன்படுத்தக்கூடாது என்பதுதான் அதன் சாரம். சட்டத்தை விடுங்கள், அந்தக் கதவை முதலில் திறப்பது மழைக்கு ஒதுங்க வந்த ஒருவராக இருக்கலாம், மறந்துபோன நீங்களாகவும் இருக்கலாம்.

காப்பீடு எடுப்பதென்றால் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: 30 அல்லது 60 நாள் தொடர்ந்து ஆளில்லாமல் கிடந்தால் பல ஒப்பந்தங்கள் திருட்டுக்கோ சேதத்துக்கோ தருவதைக் குறைத்துவிடும். ஒரு மாதம் போகத் தவறினாலே நமக்கு அது நடந்துவிடும்.

அப்புறம், ஒன்றும் வைக்காமல் இருப்பது. எங்கள் கேபினில் இப்போது நிரந்தரமாக இருப்பது ஒரு கட்டில், சுவரில் பதித்த மேசை, நசுங்கிய பாத்திரங்கள், நிரம்பிய தண்ணீர்த் தொட்டி. பேட்டரி, கருவிகள், அடுப்பு எல்லாம் எங்களோடு வந்து எங்களோடு போகும். பேனல் மட்டும் கூரையில் இருக்கிறது, ஏணி இல்லாமல் எட்டாது, ஏணியை அங்கே விடுவதில்லை.

கிளம்பும்போது இருபது நிமிடம் ஆகும். பேனலைத் துண்டித்துப் பேட்டரியைப் பையில் வைக்க வேண்டும், குழாயை மூட வேண்டும், உறையும் பருவமென்றால் குழாயில் நிற்கும் நீரை வடிக்க வேண்டும், மெத்தையைச் சுவரிலிருந்து தள்ளி நிமிர்த்தி வைக்க வேண்டும், கீழே குனிந்து தூண்களை ஒருமுறை பார்க்க வேண்டும், ஷட்டர்களைத் தாழிட்டுக் கடைசிக் கதவைப் பூட்ட வேண்டும். சங்கிலியை மாட்டிய பிறகு ஏணியை வண்டிக்கு மேல் கட்டுவதுதான் இதில் ரொம்பத் தொல்லை, மடக்கும் ஏணி ஒன்று வாங்க வேண்டும்.